பூசணி விளக்கும் சேமக்காலை மெழுகுதிரியும்

(வானொலி மறையுரை)



ஒக்ரோபர் 31ஆம் திகதி நெருங்கிவிட்டது. கடை வாசல்களில் பூசணிக்காய் குவிந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு முற்றத்தில் பிளாஸ்ரிக் எலும்புக்கூடு ஒன்று கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் இந்த நாள்களில் மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் பெற்றோர் எங்களிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "சுவாமி, பிள்ளையளை ஹலோவீனுக்கு விடலாமோ?"

விடலாம் என்றால் ஒரு பகுதியினருக்கு மனவருத்தம். விடக்கூடாது என்றால் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது. ஆகவே, "அது உங்கள் வீட்டு விருப்பம்" என்று சொல்லிப் பல ஆண்டுகளாக நழுவி வந்தோம். இந்த முறை நழுவ முடியவில்லை. புதுநன்மை வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர் ஒரு தாளில் விண்ணப்பம் எழுதி, எல்லோரும் கையொப்பம் வைத்து, காணிக்கைத் தட்டில் போட்டுவிட்டார்கள். பூசணி விளக்குப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகவேண்டுமாம். அது பயமுறுத்தும் இடம் இல்லையாம், சின்னப் பிள்ளைகளும் வரலாமாம். அதையும் அவர்களே விசாரித்து எழுதியிருந்தார்கள். காணிக்கைத் தட்டில் வந்ததைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. போன சனிக்கிழமை ஒரு பேருந்து பிடித்து, பிள்ளைகளும் பெற்றோரும் அம்மம்மா, அப்பப்பாமாருமாக நாற்பத்திரண்டு பேர் மொன்றியலில் இருந்து புறப்பட்டோம்.

புறப்படுவதற்கு முன் எதிர்ப்பும் வந்தது என்பதைச் சொல்லவேண்டும். இது பேய்க்கு எடுக்கிற விழா, கோயிலே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று சிலர் கேட்டார்கள். அவர்களின் கவலையை நாங்கள் அலட்சியம் பண்ணவில்லை. இரத்தம் வழிகிற முகமூடியும், பிணத்தைக் கேலிப்பொருளாக்குகிற அலங்காரமும் எங்களுக்கும் பிடிப்பதில்லை. குறி கேட்பதையும் ஆவிகளைக் கூப்பிடுவதையும் திருச்சபை விளையாட்டுக்குக்கூட ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் பிள்ளை ஒரு பூசணிக்காயில் கண்ணும் மூக்கும் வெட்டி உள்ளே விளக்கு வைத்தால் அது வேறு. ஊரில் புது வீடு கட்டியபோது நாவூறு படாமல் முகப்பில் வெருளி கட்டித் தொங்கவிட்டவர்கள் நாங்கள். அதற்கு ஒருவரும் சுவாமியாரிடம் வந்து அனுமதி கேட்டதாக ஞாபகம் இல்லை.

நாங்கள் போன இடம் ஒன்ராறியோ மாகாணத்தில், சென் லோறன்ஸ் ஆற்றங்கரையில், மொறிஸ்பேர்க் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பர் கனடா வில்லேஜ் என்பது பெயர். 1860களில் இந்தப் பகுதியில் ஓர் ஊர் எப்படி இருந்ததோ அப்படியே ஆலை, கொல்லன் பட்டறை, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் வைத்துப் பாதுகாக்கிறார்கள். 2012ஆம் ஆண்டிலிருந்து ஒக்ரோபர் இரவுகளில் அந்த ஊருக்குள் பூசணி விளக்குப் பாதை போடுகிறார்கள். பம்ப்கின்ஃபேர்னோ என்கிறார்கள். ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நடை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பூசணிகள்.

நாங்கள் இருட்டுவதற்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டோம். உள்ளே விட இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் ஓட விடலாம் என்று பார்த்தபோது, வெளியே ஆற்றுப் பக்கமாகச் செங்கல் சுவர்களோடு ஒரு நினைவிடம் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தச் சுவர்களில் பதித்திருப்பவை எல்லாம் கல்லறைக் கற்கள்.

அந்தக் கற்களின் கதையை எங்களில் பலர் அன்றைக்குத்தான் கேட்டோம். 1950களில் கப்பல்கள் பேரேரிகளுக்குள் போவதற்கும் மின்சாரம் எடுப்பதற்கும் சென் லோறன்ஸ் ஆற்றை மறித்தார்கள். அதற்காக ஆற்றங்கரை ஊர்களை அப்புறப்படுத்தினார்கள். ஏறத்தாழ 6,500 பேர் வீடு வாசலை விட்டு எழும்பவேண்டி வந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளை அடித்தளத்திலிருந்து கிளப்பிப் பெரிய வண்டிகளில் ஏற்றிப் புது இடத்தில் கொண்டுபோய் வைத்தார்களாம். 1958ஆம் ஆண்டு யூலை 1ஆம் திகதி அணையை வெடிவைத்துத் திறந்தார்கள். சில நாள்களில் தண்ணீர் ஏறி ஊர்கள் மறைந்தன. ஓல்ட்ஸ்வில், வேல்ஸ், டிக்கின்சன்ஸ் லான்டிங், மில் றோஷ் என்று பெயர் மட்டும் மிஞ்சியது. சேமக்காலைகளும் தண்ணீருக்குள் போயின. உறவினர் விரும்பிய இடங்களில் சில உடல்களைக் கிளப்பி வேறிடத்தில் அடக்கம் பண்ணினார்கள். மற்றவர்கள் அங்கேயே ஆற்றின் அடியில். அவர்களின் கற்கள் மட்டும் கரைக்கு வந்து இந்தச் சுவரில் நிற்கின்றன.

எங்களோடு வந்தவர்களில் ஓர் அம்மம்மா இருந்தார். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரைப் பார்த்துக்கொள்ள வந்தவர். பேத்தியைப் பக்கத்தில் நிறுத்தி, கல்லில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். பேத்தி ஆங்கிலப் பெயர்களை வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "இவையளின்ர ஆக்கள் இஞ்ச வாறவையோ, சுவாமி?" என்று கேட்டார். வருவார்கள் என்றுதான் நினைக்கிறோம் என்றோம். "அப்ப இவையள் குடுத்து வைச்சவை" என்றார்.

அந்தச் சொல்லின் பாரம் அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. பேச்சை அவ்வளவோடு விட்டுவிட்டோம். விளக்குப் பாதைக்கு வரிசை தொடங்கியிருந்தது.

வரிசையில் நின்ற நேரம் பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கினார்கள். மறையாசிரியர் ஒருவர் அவர்களுக்குப் பூசணி விளக்கின் கதையைச் சொன்னார். அயர்லாந்தில் ஜாக் என்று ஒரு கருமி இருந்தானாம். சாத்தானையே ஏமாற்றி, தன்னை நரகத்துக்குக் கொண்டுபோகமாட்டேன் என்று வாக்கு வாங்கிவிட்டானாம். செத்த பிறகு மோட்ச வாசலுக்குப் போனால், உன்னுடைய வாழ்வுக்கு இங்கே இடமில்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். நரக வாசலுக்குப் போனால், சாத்தான் வாக்குத் தவறமாட்டேன் என்று உள்ளே விடவில்லை. வழி தெரியாமல் இருட்டில் நின்றவனுக்கு ஒரு நெருப்புத் துண்டை மட்டும் எறிந்தானாம். ஜாக் அதை ஒரு கிழங்கைக் குடைந்து உள்ளே வைத்துக்கொண்டு, அங்குமில்லாமல் இங்குமில்லாமல் இன்றைக்கும் அலைகிறானாம்.

கிழங்கு என்பது மெய்தான். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் முதலில் குடைந்தது பூசணியை அல்ல, டேர்னிப் கிழங்கைத்தான். பூசணி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். அங்கிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள் இங்கே பெரிதாகவும் குடைய இலகுவாகவும் பூசணி கிடைப்பதைக் கண்டு அதற்கு மாறிக்கொண்டார்கள். அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் டொனிகோல் பகுதியைச் சேர்ந்த பழைய கிழங்கு விளக்கு ஒன்றின் அச்சு இருக்கிறது. படத்தில் பார்த்தால் பூசணி முகம் எவ்வளவோ அழகு என்று சொல்வீர்கள். சுருங்கி, பல்லைக் காட்டிக்கொண்டு, உண்மையிலேயே பயப்பட வைக்கிற முகம்.

அந்த மக்கள் எங்கள் நகரத்துக்கும் வந்தார்கள். 1847ஆம் ஆண்டு, உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் தப்பி வந்த அயர்லாந்து மக்கள் கப்பல்களிலேயே காய்ச்சல் பிடித்து, மொன்றியல் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கில் மாண்டுபோனார்கள். 6,000 பேர் என்று கணக்கு. விக்ரோறியாப் பாலம் கட்டிய தொழிலாளர்கள் மண்ணுக்குள் எலும்புகளைக் கண்டு, 1859இல் ஆற்றிலிருந்து எடுத்த ஒரு பெரிய கருங்கல்லை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அந்தப் பாலத்தால் காரில் போகும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிழங்கு விளக்குக் கதையைக் கடல் கடந்து கொண்டுவந்த மக்களில் எத்தனையோ பேர், பெயர் எழுதாத ஒரே குழியில் எங்கள் வாசலிலேயே கிடக்கிறார்கள்.

பாதை திறந்தது. நேயர்களே, அது அழகுதான். மின் விளக்கு வெளிச்சத்துக்குப் பழகிப்போன கண்ணுக்கு முதலில் ஒன்றுமே தெரியவில்லை. ஆற்றுக் காற்று, பழைய மரவீடுகளின் கரிய நிழல். திருப்பத்தில் திரும்பியதும் செம்மஞ்சள் வெளிச்சத்தில் டைனோசர் ஒன்று எழும்பி நிற்கிறது. முழுவதும் பூசணி. அதற்கப்பால் மீன்கள், கடற்குதிரைகள், கதைப்புத்தகத்துப் பாத்திரங்கள். கத்திக்கொண்டு வந்த பிள்ளைகள் தாங்களாகவே மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். தள்ளுவண்டியில் வந்த குழந்தை ஒன்று ஒவ்வொரு விளக்குக்கும் கை காட்டியது. பயந்து அழுத பிள்ளை ஒன்றுகூட இல்லை. மாறாக, ஒரு சிறுவனுக்குக் கோபம் வந்தது. ஒரு பூசணியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது பொய்ப் பூசணி!" என்று கத்தினான். உண்மைதான். இத்தனை ஆயிரம் உண்மைப் பூசணிகளை வைத்தால் சில நாள்களிலேயே அழுகிவிடும் என்பதால், செயற்கைப் பூசணிகளில் கலைஞர்கள் கையால் வெட்டி, ஆண்டுதோறும் எடுத்து வைத்துப் பாவிக்கிறார்கள். "அழுகாத பூசணி பூசணியே இல்லை" என்று அந்தச் சிறுவன் தீர்ப்புச் சொன்னான்.

நாங்கள் இந்த மறையுரைக்கு வேறொரு பொருளை ஆயத்தம் பண்ணி வைத்திருந்தோம். நீதித்தலைவர்கள் நூலின் ஏழாம் அதிகாரத்தில் கிதியோனின் முந்நூறு வீரர்கள் வெறும் பானைகளுக்குள் தீப்பந்தத்தை மறைத்துக்கொண்டு போகிறார்கள் அல்லவா? பானை உடைந்ததும் வெளிச்சம் வெளியே வருகிறது. வெறுமையாக்கிய பூசணிக்குள் விளக்கு, வெறும் பானைக்குள் விளக்கு. நன்றாகத்தான் பொருந்தும். ஆனால் பாதையின் கடைசியில் நடந்த ஒன்று அதை எங்களிடமிருந்து எடுத்துவிட்டது.

முடிவில் ஒரு வாங்கு இருந்தது. அம்மம்மா கால் உளைகிறது என்று அதில் இருந்துவிட்டார். நாங்கள் பக்கத்தில் நின்றோம். விளக்குகளைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்த ஜாக்கைப் போலதான் சுவாமி என்ர பிள்ளையும். அங்கயும் இல்லை, இங்கயும் இல்லை. ஆனா என்ர பிள்ளை ஒருத்தரையும் ஏமாத்தேல்லை."

இந்த அம்மம்மா 2009ஆம் ஆண்டு மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலில் தன் மகனைக் கடைசியாகக் கண்டவர். இது எங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டுதான் நாங்கள் ஒரு பிழை செய்தோம். அதை இந்த வானொலியில் சொல்லிவிடவேண்டும் என்று அவரிடமே அனுமதி வாங்கியிருக்கிறோம்.

எங்கள் பங்கில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2ஆம் திகதி, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளில், சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திச் செபிக்கிறோம். இந்த அம்மம்மா ஒருமுறையும் வந்ததில்லை. குளிர், கால் வருத்தம் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். போன ஆண்டு இன்னும் ஒருபடி மேலே போய், அவருடைய மகளைக் கூப்பிட்டு, "இத்தனை வருடமாகிவிட்டது, அண்ணாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுப்போம், அம்மாவின் மனதுக்கு ஆறுதலாக இருக்கும்" என்றோம். நல்லெண்ணத்தோடுதான் சொன்னோம். அதற்குப் பிறகு மூன்று கிழமை அம்மம்மா கோயிலுக்கு வரவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவுமில்லை.

அந்த வாங்கில்தான் பதில் வந்தது. "நான் சேமக்காலையில மெழுகுதிரி கொளுத்தினா, அவன் செத்துப்போனான் எண்டு நானே கையெழுத்து வைச்ச மாதிரியெல்லோ, சுவாமி? நாளைக்கு அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது?"

எங்களுக்கு வாயில் சொல் வரவில்லை. செயற்கைப் பூசணிகள் வெளிச்சமாகச் சிரித்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் சூடான சொக்லேற் வேண்டும் என்று நின்றார்கள். வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறினோம்.

இப்படிக் காத்திருக்கிறவர் இவர் ஒருவர் அல்ல. அதே மே மாதத்தில் அங்கிருந்து சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர், இன்றுவரை திரும்பவில்லை. அவருக்கும் கல்லறை இல்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னபோது எத்தனையோ தாய்மார் மறுத்துவிட்டார்கள். 2016இல் இலங்கைச் சட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் சொல்கிற சான்றிதழுக்கு அதில் இடம் வைத்தார்கள். அந்தச் சான்றிதழால் தாய்மாருக்கு என்ன நீதி கிடைத்தது என்பது வேறு கதை. எங்களைச் சுட்டது வேறு ஒன்று. ஒரு சட்டப் புத்தகம்கூட இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சொல்லைத் தேடிப் பிடித்திருக்கிறது. கோயிலில் இருக்கிற நாங்கள் ஓர் அம்மாவிடம் போய் உயிரா, ஆத்துமாவா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று நின்றிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து சாமுவேல் இரண்டாம் நூலை எடுத்தோம். 21ஆம் அதிகாரம், இரிஸ்பா என்ற தாய். ஞாயிற்றுக்கிழமை வாசகங்களில் இவரைக் கேட்டிருக்கமாட்டீர்கள். சவுல் அரசரின் மறுமனைவி. பழைய கணக்கு ஒன்றைத் தீர்ப்பதற்காகச் சவுலின் வழிவந்த ஏழு பேரைத் தாவீது அரசர் கையளித்துவிடுகிறார். அவர்களில் இரண்டு பேர் இரிஸ்பாவின் பிள்ளைகள். ஏழு பேரையும் மலையில் கொன்று, அடக்கம் பண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். இரிஸ்பா சாக்குத் துணியைப் பாறையில் விரித்து அங்கேயே இருக்கிறார். வாற்கோதுமை அறுவடை தொடங்கிய நாளிலிருந்து வானத்திலிருந்து மழை விழும்வரைக்கும். பகலில் பறவைகளையும் இரவில் காட்டு விலங்குகளையும் கிட்ட விடவில்லை. அந்த அதிகாரம் முழுவதிலும் அவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

வந்து அவரை எழுப்பி, போதும் அம்மா, வீட்டுக்குப் போங்கள் என்று யாரும் சொன்னதாகவும் எழுதவில்லை. செய்தி அரசரின் காதுக்குப் போகிறது. அவர் எழும்பிப் போய் எலும்புகளைச் சேர்த்து, சவுலின் எலும்புகளோடு மரியாதையாக அடக்கம் பண்ணுகிறார். அதற்குப் பிறகுதான் கடவுள் அந்த நாட்டின் மன்றாட்டுக்குச் செவிசாய்த்தார் என்று நூல் சொல்கிறது. நாங்கள் இந்த வரியில் நிறைய நேரம் நின்றோம். பலி கொடுத்ததும் மன்றாட்டுக் கேட்கப்படவில்லை. ஒரு தாயின் காவலை அரசர் மதித்த பிறகுதான் கேட்கப்பட்டது. இரிஸ்பாவுக்குக் கண்முன்னே உடல்களாவது இருந்தன. எங்கள் அம்மம்மாவுக்கு அதுவும் இல்லை.

ஹலோவீன் என்ற சொல்லே எங்களுடையதுதான். புனிதர் அனைவர் பெருவிழாவின் முந்தின மாலை என்பதுதான் அதன் பொருள். எட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி உரோமையில் புனித பேதுரு பேராலயத்துக்குள் எல்லாப் புனிதர்களுக்கும் ஒரு சிற்றாலயம் ஒப்புக்கொடுத்தார். அடுத்த நூற்றாண்டில் நவம்பர் 1 பரவலாகப் பெருவிழாவானது. குளூனி மடத்தின் தலைவர் புனித ஒடிலோ ஆயிரமாம் ஆண்டையொட்டி, அதற்கு அடுத்த நாளை மரித்தவர்களுக்காக மன்றாடும் நாளாகத் தம் மடங்களில் வைத்தார். அதுதான் இன்றைக்கு நவம்பர் 2. இங்கிலாந்தில் அந்த நாள்களில் பிள்ளைகளும் ஏழைகளும் வீடு வீடாகப் போவார்கள். வீட்டுக்காரர் ஒரு சிறு பணியாரம் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் அந்த வீட்டில் மரித்தவர்களுக்காகச் செபிக்கவேண்டும். இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் பையைப் பிடித்துக்கொண்டு போகிற வழக்கம் இதிலிருந்து வந்ததாகப் பலர் சொல்கிறார்கள். இனிப்பு மட்டும் மிஞ்சி நிற்கிறது. கதவைத் திறக்கிற வீட்டில் யாரைக் காணவில்லை என்று கேட்பார் இல்லை.

ஆகவே இந்த ஆண்டு எங்கள் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்திருக்கிறோம். 31ஆம் திகதி வெளிக்கிட்டுப் போகலாம். ஆனால் பங்கு மக்களின் வீடு என்றால், இனிப்பை வாங்கிக்கொண்டு, "உங்கட வீட்டில் யாருக்காகச் செபிக்க?" என்று கேட்டுப் பெயரை எழுதிக்கொண்டு வரவேண்டும். உயிரோடு இருப்பவரா, இல்லாதவரா என்று கேட்கக் கூடாது. பெயர் மட்டும் போதும். வீட்டில் இருக்கிற பெரியவர்களே, பிள்ளைகள் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். எழுத்துப் பிழையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பூசைக்கருத்துப் பற்றியும் ஒரு சொல். உயிரோடு இருக்கிறவர்களுக்கோ இறந்தவர்களுக்கோ யாருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் இலக்கம். அந்தப் பரப்பு போதும். "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று எழுத மனம் வராத தாய்மார் பெயரை மட்டும் எழுதித் தாருங்கள். பீடத்தில் நாங்களும் பெயரை மட்டும் வாசிப்போம். அவர் எங்கே இருக்கிறார் என்பதைக் கடவுளுக்கு நாங்கள் அறிவிக்கவேண்டியதில்லை.

சேமக்காலைச் செபம் நவம்பர் 2ஆம் திகதி பிற்பகல் இரண்டு மணிக்கு. வழமைபோல மவுன்ற் றோயல் மலையில் உள்ள நோத்ரு டாம் டே நேஜ் சேமக்காலை. அந்தப் பிரெஞ்சுப் பெயருக்குப் பனிமய மாதா என்பதுதான் பொருள் என்று பலருக்குத் தெரியாது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் துயில்கிற இடம். "எங்கட ஆக்கள் ஒருத்தரும் அங்க இல்லையே" என்று வீட்டில் நிற்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். நவம்பர் 1 முதல் 8 வரை பக்தியோடு சேமக்காலையைச் சந்தித்து, மனதளவிலாவது மரித்தவர்களுக்காக மன்றாடுகிறவர்கள், பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, திருத்தந்தையின் கருத்துக்காகவும் செபித்தால், உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்குப் பரிபூரண பலனை ஒப்புக்கொடுக்கலாம். சொந்தக்காரரின் கல்லறையாக இருக்கவேண்டும் என்று திருச்சபை கேட்கவில்லை. ஊரில் உள்ள அப்பாவின் கல்லறைக்கு இங்கே நின்று மெழுகுதிரி கொளுத்த முடியாதவர்கள், இங்கே யாரும் வராத ஒரு கல்லுக்கு முன்னால் கொளுத்துங்கள். ஊரில் உங்கள் அப்பாவின் கல்லுக்கு முன்னாலும் அப்படி ஒருவர் நிற்கக்கூடும். மலையில் காற்று அதிகம். கண்ணாடிக் கூட்டுக்குள் வைக்கிற மெழுகுதிரியாகக் கொண்டு வாருங்கள். தடித்த சப்பாத்துப் போடுங்கள்.

அம்மம்மா இந்த முறை வருவதாகச் சொல்லியிருக்கிறார். மகனுக்காக அல்ல. மொறிஸ்பேர்க்கில் ஆற்றுக்கு அடியில் கிடக்கிறவர்களுக்காகவும், பாலத்தடியில் கிடக்கிற அயர்லாந்துப் பிள்ளைகளுக்காகவும் ஆளுக்கொரு மெழுகுதிரியாம். மகனுக்குச் சேமக்காலையில் விளக்கு வேண்டாம் என்பதில் அவருக்கு இன்னும் மாற்றம் இல்லை. நாங்களும் கேட்கப்போவதில்லை.

ஆனால் அன்று திரும்பி வரும் வழியில் கமக்காரர் ஒருவரின் தெருவோரக் கடையில் பேருந்தை நிறுத்தச் சொல்லி ஒரு பூசணிக்காய் வாங்கினார். பொய்ப் பூசணி என்று கோபப்பட்டானே, அந்தச் சிறுவன் அவருடைய பேரன்தான். அவனே உண்மைப் பூசணியில் கண்ணும் வாயும் வெட்டிக் கொடுத்திருக்கிறான். ஒவ்வோர் இரவும் அதற்குள் ஒரு விளக்குக் கொளுத்தித் தெரு வாசற்படியில் வைக்கிறாராம். இருட்டில் வருகிறவனுக்கு வீட்டு இலக்கம் தெரியவேண்டுமாம். நேற்று மகள் தொலைபேசியில் சொன்னார், பூசணியின் ஒரு பக்கம் இளகத் தொடங்கிவிட்டதென்று. அம்மம்மா அதற்கும் ஆயத்தமாகத்தான் இருக்கிறார். அன்றைக்கு அவர் வாங்கியது இரண்டு.